சோங்மித்தின் ‘ங்’

காலிம்போங்,
9 ஜூன் 2024

ஏலே மணியா,

கவர் மேல என் கையெழுத்தப் பாத்ததும் கிழிச்சுப் போட்டுராத. உன் நம்பருக்கு அடிச்சா போவ மாட்டேங்கு. எனக்கும் சோங்மித்துக்கும் கல்யாணம் ஆன போட்டோவ நம்ம கம்பெனி ரங்காத்தாக்கா உனக்குக் காட்டுன அன்னைக்கே நீ என்னைய பிளாக் பண்ணிட்டன்னு அந்த அக்காவே சொன்னாவ. அதான் கம்பெனி அட்ரஸுக்கு எழுதுதேன். பள்ளிக்கூடத்துல லீவ் லெட்டர் எழுதுனதுக்கு அப்புறம் நான் எழுதுற முதல் கடிதம் இதுதான்.

நாங்க நல்லா இருக்கோம். நாங்க சந்தைக்குக் கீழ ஒரு சின்னக் கடை போட்டிருக்கோம். எம்பிராய்டரி மிஷினு, ஒத்தத் தலை, ஒரு தடவைக்கு ஒரு துணிதான், பழசு. திருப்பூர்ல இருபது தலை மிஷின ஓட்டுனவனுக்கு இது பொம்மை மாதிரிதான், ஆனா சோலி நடக்கு. எப்பப் பாத்தாலும் மழை. நூலு நமத்துப் போயி அறுந்துக்கிட்டே கெடக்கு. ஊர்ல இருந்து எங்கக்கா ரோஸ்மேரி கருவாடு அனுப்புதா. அத வறுத்தா, எங்களப் பாக்க வார சோங்மித்தோட அம்மா மூக்கப் பொத்திக்கிட்டு வெளிய போயிருதா.

இப்ப விசயத்துக்கு வாரேன். சோங்மித் சாயந்தரம் இங்க பிள்ளைகளுக்கு அவ சனத்தோட லெப்சா எழுத்து சொல்லிக்குடுக்கா. டிசம்பர் கடைசியில அவங்களுக்குப் புதுவருசம், நாம்சூங்னு சொல்லுவாங்க. அதுக்கு அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் ஜாக்கெட்டு. நெஞ்சுல ‘ரோங்’னு அவங்க எழுத்துலயே போட்டுக் கேக்காங்க. லெப்சாக்காரங்க தங்களை ரோங்னுதான் சொல்லிக்கிடுவாங்க.

போன்ல அந்த எழுத்து ஒழுங்கா வருது. ரா அடிச்சு, ஓ அடிச்சு, கடைசியா ங் அடிச்சா, அந்த ங் குறி தானாத் துள்ளிப்போயி எல்லாத்துக்கும் முன்னால உக்காந்துக்கிடும். அவங்க எழுதுற முறையே அப்படித்தான். வாயில கடைசியா வாரது எழுத்துல முதல்ல நிக்கும். நம்ம ‘கெ’வுல கொம்பு முன்னால நிக்குல்லா, அது மாதிரி. ஆனா எம்பிராய்டரி சாஃப்ட்வேருக்கு இந்தத் துள்ளல் தெரியல. ங் கடைசியிலயே நிக்குது, பக்கத்துல ஒரு புள்ளி வட்டம் வேற.

நான் மிஷின் ஓட்டுறவன். பஞ்சிங் உன் கைவேலை. ஒவ்வொரு தையலும் எங்க விழணும்னு கம்ப்யூட்டர்ல வரைஞ்சு தாரதுக்கு உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா? சோங்மித்தும் உன்கிட்டத்தான் கேக்கச் சொன்னா.

ராபின்


அனுப்பர்பாளையம், திருப்பூர்,
21 ஜூன் 2024

ராபினு,

கடிதாசி வந்துச்சு. கிழிக்கோணும்னுதான் எடுத்தன். கிழிக்கல.

‘நாங்க’ன்னு எத்தன வாட்டி போட்டிருக்கறன்னு நீயே திருப்பிப் படிச்சுப் பாரு. நாங்க நல்லா இருக்கோம். நாங்க கடை போட்டிருக்கோம். முன்னயெல்லாம் நீ ‘நாங்க’ன்னு சொன்னா அதுல நானும் இருந்தன். மண்ணரையில ஒரே ரூம்பு, ஒரே குண்டாவுல சோறு. ஒட்டுக்கா வேலைக்குப் போனம், ஒட்டுக்கா வந்தம். சோங்மித்து கம்பெனிய உட்டு ஊருக்குப் போயி மாசம் திரும்பறதுக்குள்ள நீயும் ரயிலேறிட்ட. நானு ஞாயித்துக்கெழமை மூலனூர் போயிட்டு, அம்மா குடுத்த முருங்கைக்காய்க் கட்டோட வந்து பாத்தா, செவுத்தோரத்துல உன்ற பெட்டியக் காணம். பக்கத்து ரூம்புக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏன்டா, எங்கிட்டச் சொல்லீட்டுப் போறக்கு என்ன?

போன்ல பேசுனா என்ற வாயில கெட்ட வார்த்தைதான் வரும். எழுதறப்பன்னா நடுவால பேனாவ நிறுத்திக்கலாம். அதனால அடிக்காத. சொல்றதுன்னா எழுது.

அந்த ங்ஙப் பத்தி எனக்கு நீ பாடம் எடுக்காத. டீ டைம்ல வேஸ்ட் துணி மேல மார்க்கிங் சாக்பீஸ்ல எனக்கு அத எழுதிக் காட்டுனதே சோங்மித்துதான். அவ பேருலயும் அந்த ங் வருது, அதும் முன்னால வந்து நிக்குதுன்னு சொல்லிச் சிரிச்சா. நீ அப்ப வெளிய நின்னு பஜ்ஜி தின்னுட்டிருந்த.

அவ பேர அவிய எழுத்துல பஞ்ச் பண்ணி வெச்சது நானு. அழிச்சு அழிச்சுப் பண்ணுனன். நீ அத வெள்ளத் துணியில ஓட்டுன. ஓட்டிப்போட்டு, நானு மொதலாளி கூப்பிட்டாருன்னு ஆபீஸுக்குப் போனப்ப, எடுத்துட்டுப் போயி அவ கையில குடுத்துட்ட. நானு திரும்பி வர்றப்ப அவ சிரிச்சுட்டு நிக்கறா. உன்னப் பாத்து. என்னயப் பாத்து, “டீ குடிச்சீங்களா மணியண்ணா?”ங்கறா. நீ ராபின். நானு அண்ணன்.

பஞ்ச் பண்ண மாட்டன். சிலிகுரியில எத்தனையோ பேரு இருப்பாங்க, போயிப் பாரு.

மணியன்

பி.கு: போன்ல இருந்து எடுத்த படத்த வெச்செல்லாம் பண்ண முடியாது. பண்றதா இருந்தா பேனாவுல கையால எழுதுனது வேணும். நானு பண்ண மாட்டன். சும்மா சொல்றன்.


காலிம்போங்,
5 ஜூலை 2024

மணியா,

இதோட ஒரு தாள் வச்சிருக்கேன். சோங்மித் பட்டை நிப்பு பேனாவால பெருசா எழுதுனது. உன் பின்குறிப்ப அவகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். உக்காந்து எழுதித் தந்துட்டா. மத்ததையெல்லாம் வாசிக்கல.

சொல்லாம வந்தது தப்புதான். சொல்லியிருந்தா நீ என் மூஞ்சியப் பாத்திருப்ப, நான் ரயிலேறியிருக்க மாட்டேன். அதான் சொல்லல.

துணிய நான் குடுத்தேன், ஆமா. நீ குடுக்க மாட்டன்னு எனக்குத் தெரியும்லே. கம்ப்யூட்டர் மேசை டிராயருக்குள்ள வச்சுப் பூட்டியிருப்ப. நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்திருப்ப, அவ ஊருக்கே போயிருப்பா. யாரு பண்ணுனதுன்னு அவ கேக்கல. நானும் சொல்லல. அதுக்கு நீ என்னைய என்ன வேணும்னாலும் சொல்லு.

பஜ்ஜி தின்னது உண்மைதான்.

ராபின்


அனுப்பர்பாளையம்,
24 ஜூலை 2024

ராபினு,

பென் டிரைவ் தாட்டி உட்டிருக்கறன். உள்ள ஒரே ஒரு ஃபைலு. ‘ரோங்’. சாஃப்ட்வேர் எழுத்தச் சேக்கற வேலையே வேண்டாமுன்னு, ங்ஙும் ஓவும் ராவும் மூணையும் ஒரே டிசைனாப் பண்ணிட்டன். இனி ஒன்னும் எடம் மாறாது.

அவ எழுதுன தாள ஸ்கேன் பண்ணிப் பெருசாக்கிப் பாத்துட்டே இருந்தன். பேனா எங்க அழுத்தியிருக்குது, எங்க தூக்கியிருக்குதுன்னு தெரியோணுமல்ல. ங் குறியில அவ கை மேல இருந்து எறங்கி, கடைசியில துளியூண்டு இழுத்து உட்டிருக்கறா. ஊசியும் அதே வழியில எறங்கறாப்ல வெச்சிருக்கறன். நீ அவசரத்துல ஸ்பீடக் கூட்டிப்போடாத. மழை ஊருன்னா அடியில பேக்கிங் பேப்பர் ரெண்டாப் போடு.

இது உனக்காகப் பண்ணுனதில்ல.

அம்மா போன வாரம் வந்திருந்தா. நம்ம பக்கம் பசங்களுக்குப் பொண்ணு கெடைக்கறதே குதிரக்கொம்பா இருக்குது, மூலனூர்ல ஒரு எடம் வந்திருக்குது, வந்து பாருடாங்கறா. போகல. சீக்குன்னு சொல்லீட்டுப் படுத்துட்டன்.

அவ இன்னும் டீயில உப்புப் போட்டுத்தான் குடிக்கறாளா? நடக்கறப்ப வாய்க்குள்ளயே எதையோ பாடிட்டுப் போவாளே, அது இருக்குதா? ரங்காத்தாக்காகிட்டக் கத்துட்ட தமிழுதான அவளுது, ‘ஏனுங்க, வாங்க’ன்னு பேசுவாளே. உங்கூட இருந்து இருந்து ‘ஏலே’ன்னு பேசறாளா இப்ப? அந்தத் தமிழ மட்டும் கெடுத்துப்போடாத.

தாளு எங்கிட்டயே இருக்கட்டும். வேலைக்கு வேணும்.

மணியன்


காலிம்போங்,
14 ஆகஸ்ட் 2024

மணியா,

ஒரு ஜாக்கெட்டுல ஓட்டிப் பாத்தோம். நூலு ஒரு தடவகூட அறுகல. சோங்மித் அத மடியில போட்டு விரலால தடவிக்கிட்டே இருந்தா. அவ அப்பா சந்தைக்கு வந்தவரு கடைக்குள்ள வந்தாரு. பழைய ஏடெல்லாம் வாசிப்பாரு அவரு. ங் குறியில விரல வச்சு, மேல இருந்து கீழ இழுத்து, கடைசியில துளி தூக்கினாரு. அவங்க பாஷையில என்னமோ சொன்னாரு. என்னன்னு சோங்மித்துகிட்டக் கேட்டேன்.

“எழுதத் தெரிஞ்ச ஆளு பண்ணுனதுன்னு சொல்றாருங்க”ன்னா.

“மணியன் பண்ணுனது”ன்னேன்.

அவ, “தெரியுது”ன்னா. அவ்வளவுதான். அப்புறம் சாயந்தரம் வர அந்த ஜாக்கெட்டை மடிச்சு வைக்கல.

சந்தோசமாத்தான் எழுதுதேன். உன் வேலை நல்லா இருக்கு. பிள்ளைகளுக்கு ஜாக்கெட்டுக் கையில அவனவன் பேரும் வேணுமாம். அதனால எல்லா எழுத்தும் வேணும். கீபோர்டுல தட்டுனா வார மாதிரி பண்ண முடியுமான்னு சோங்மித் கேக்கா. ஆனா போன்ல அடிக்கிற வரிசையிலயே அடிக்கணும்னு சொல்லுதா. ங் கடைசியில அடிச்சாலும் முன்னால போயி நிக்கணும். இல்லாட்டி பிள்ளைக பழகுன பழக்கம் கெட்டுப் போவுமாம்.

இன்னொன்னு. அவ டீயில என்ன போடுதா, என்ன பாடுதாங்கதெல்லாம் உனக்கு எதுக்குலே? வேலையப் பத்தி மட்டும் எழுது. உன் கடிதம் வந்தா என்ன எழுதியிருக்குன்னு கேக்கா. வாசிச்சுக் காட்டக்கூடிய வரிய நான் தேட வேண்டியிருக்கு.

ராபின்


அனுப்பர்பாளையம்,
12 செப்டம்பர் 2024

ராபினு,

எல்லா எழுத்தும் முடிஞ்சுது. அவ சொன்னது சரி. ங் கடைசியில அடிச்சாலும் முன்னால வரோணும்னா ஒரே வழிதான். எந்தெந்த எழுத்தோட ங் சேருமோ அத்தனையையும் தனித்தனி டிசைனாப் பண்ணி உள்ள வெச்சுட்டன். சாஃப்ட்வேரு அதத் தேடி எடுத்துக்கும். கண்ணு ரெண்டும் எரியுது. எரியட்டும். மொதலாளி வேலை பாக்கியாக் கெடக்குது. கெடக்கட்டும்.

அவிய அப்பா சொன்னத எழுதியிருந்த பாரு, எழுதத் தெரிஞ்ச ஆளுன்னு. அந்த வரிய மட்டும் நெம்ப வாட்டி படிச்சன். ஏன்டா ராபினு, நீ அந்த ஊட்டுலயே இருக்கற. அவ தெனமும் எழுதறத கண்ணால பாக்கற. உனக்கு அதுல ஒரு எழுத்தாச்சும் எழுத வருமா?

நீ கேக்காத ஃபைலு ஒன்னும் போட்டிருக்கறன். கடைசியில இருக்குது. ‘சோங்மித்’. பழசில்ல, புதுசா அவ தாளப் பாத்துப் பண்ணுனது. ஓட்டி அவ கையிலயே குடு. இந்த வாட்டி யாரு பண்ணுனதுன்னும் சொல்லு.

நாம்சூங்குக்கு நானே வரலாமுன்னு இருக்கறன். மிஷின்ல ஏதாச்சும் கோளாறுன்னா பாக்கோணுமல்ல.

மணியன்


காலிம்போங்,
20 அக்டோபர் 2024

மணியா,

நீ வராத.

நடந்தத எழுதுதேன், வாசிச்சுட்டுச் சந்தோசப்படு.

உன் பென் டிரைவ மிஷின்ல சொருகினேன். அவ பேரு திரையில வந்துச்சு. அந்த ங் குறியோட வாலை நீ எம்புட்டு நேரம் உக்காந்து வளைச்சிருப்பன்னு எனக்குத் தெரிஞ்சுது. ஒரு ஆம்பள என் பெண்டாட்டி கையெழுத்தை வச்சுப் பாத்துக்கிட்டே இருந்திருக்கான்னு நினைச்சதும் தலைக்கு ஏறிட்டு. அந்த ஃபைல மட்டும் அழிக்கப் போனேன். எல்லாத்தையும் அழிச்சேன். நீ முதல்ல அனுப்புன ‘ரோங்’கையும் சேத்து.

சவம், ஒரு வார்த்தைதான, நானே பஞ்ச் பண்ணுதேன்னு உக்காந்தேன். இத்தன வருசம் உன் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்லா. ங் முன்னால வரணும்னு தெரியும், முன்னாலதான் வச்சேன். ஆனா ஓ குறிக்கும் முன்னால வைக்கணும். நான் ஓவுக்கும் ராவுக்கும் நடுவுல வச்சுட்டேன். தினமும் பாக்கிற எழுத்துதான், இருந்தும் பிசகிட்டு. சோங்மித் காய்ச்சலா அம்மா வீட்டுல கெடந்தா. அவ பாக்காமலே எல்லா ஜாக்கெட்டையும் ஓட்டி முடிச்சுட்டேன். அவ வந்ததும் காட்டணும்னு எனக்கு ஒரு வீம்பு.

அவளுக்கு முன்னால பிள்ளைகளுக்குக் குடுத்துட்டேன். ஒரு சின்னப் பிள்ளை போட்டுக்கிட்டு நெஞ்சக் குனிஞ்சு பாத்து எழுத்துக்கூட்டுனா. வரல. திரும்பப் பாத்தா. அப்புறம் எல்லாப் பிள்ளைகளும் ஒருத்தர் நெஞ்ச ஒருத்தர் பாத்துச் சிரிச்சுதுக. சோங்மித் அப்பத்தான் உள்ள வந்தா. ஒரு ஜாக்கெட்டை வாங்கிப் பாத்தா. திண்டாடிப் போயிட்டேன்லே.

அவ தையல் பிரிக்கிற கத்திய எடுத்துக்கிட்டு தரையில உக்காந்து பிரிக்க ஆரம்பிச்சா. பிரிச்சுக்கிட்டே கேட்டா.

“மணியண்ணா ஃபைலு எங்கீங்க?”

“அழிச்சிட்டேன்.”

“ஏனுங்க?”

“அவன் உன் பேரப் போட்டு அனுப்பியிருந்தான்.”

அவ நிமிந்து பாக்கல. கையில இருந்த ஜாக்கெட்டை முழுசாப் பிரிச்சு முடிச்சா. மறுநாள் துணிய எடுத்துக்கிட்டு ஊருக்குள்ள அவ அப்பா வீட்டுக்குப் போயிட்டா. நான் போயி வாசல்ல நின்னேன். அவ அம்மா டீ குடுத்தா. அவ வெளிய வரல.

எல்லாம் உன்னால. அந்த ஒரு ஃபைல நீ அனுப்பாம இருந்திருக்கலாம். இல்ல, நான் முதல்ல உனக்கு எழுதாம இருந்திருக்கலாம்.

ராபின்


அனுப்பர்பாளையம்,
6 நவம்பர் 2024

ராபினு,

பொய் எழுத மாட்டன். உன்ற கடிதாசியப் படிச்சதும் எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. அவ உன்ன உட்டுப்போட்டுப் போயிட்டான்னு படிச்ச அன்னைக்கே ரயிலுக்கு டிக்கெட் போட்டன். ஒரு நல்ல சட்டை எடுத்தன். மேனேஜருகிட்ட அம்மாவுக்குச் சீக்குன்னு லீவு சொன்னன். அம்மா மேல எத்தன சீக்குத்தான் போடறதோ.

கெளம்பறதுக்கு முன்னால அவகிட்ட ஒரு வார்த்தை பேசீரலாம்னு ரங்காத்தாக்காகிட்ட நம்பரு வாங்கி அடிச்சன். எடுத்தா. எத்தன நாளு கழிச்சு அந்தக் குரலு. அப்படியே நம்மூருத் தமிழு. ஒன்னும் மாறல.

நானு வர்றன்னு சொல்லி முடிக்கல. புடிச்சுக்கிட்டா.

“ஏனுங்க மணியண்ணா, உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லீங்களா? எங்க எழுத்த எங்க புள்ளைங்களே இப்பத்தான் ஒன்னு ரெண்டு படிக்கப் பழகுதுங்க. அதுங்க நெஞ்சுல போட்டுக்கறக்குக் கேட்டனுங்க. ஒருத்தரு அதுல எம்பேர எழுதி வம்பு பண்றீங்க. ஒருத்தரு எல்லாத்தையும் அழிக்கறாரு. அது உங்க ரெண்டு பேருத்து எழுத்துங்களா?”

“ஃபைலு எங்கிட்ட இருக்குது, மறுக்கா அனுப்பறன்”னன்.

“அனுப்புங்க. பேரு ஃபைலு வேண்டாம்”னா.

வெச்சிருக்கலாம். என்ற கெரகம், கேட்டுட்டன். அன்னைக்கு ராபின் குடுத்த துணி, அதப் பண்ணுனது நானுன்னு உனக்குத் தெரியுமான்னு.

சிரிச்சா. கோவத்துலயும் சிரிச்சா.

“அப்பவே தெரியுமுங்க. சாக்பீஸ்ல நானு எழுதிக் காட்டுனது உங்களுக்குத்தானுங்க. ராபினுக்கு அது எழுத்தா கோலமான்னே தெரியாது.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுந்தானுங்க. அவுரு கொண்டாந்து குடுத்தாருங்க. நீங்க குடுக்கலீங்க.”

ராபினு, இத்தன நாளா நானு என்ன நெனச்சுட்டிருந்தன்னா, நீ திருடீட்ட, அவ ஏமாந்துட்டா, உண்மை தெரிஞ்சா எல்லாம் மாறும். அப்படி நெனச்சுத்தான் சோறு உள்ள போச்சு. இப்பப் பாத்தா திருட்டும் இல்ல, ஏமாத்தமும் இல்ல. அவ எல்லாந் தெரிஞ்சுதான் உங்கிட்ட வந்திருக்கறா. இதுக்கு நீ திருடியிருந்தாலே தேவலாம்.

போன வெச்சுப்போட்டு மிஷினுக்குப் பக்கத்துல போயி நின்னன். இருபது தலையும் ஓடிட்டிருந்துச்சு. ரங்காத்தாக்கா வந்து என்னமோ கேட்டுது. வாயப் பாத்துட்டே நின்னன், காதுல ஒன்னும் உழுகல.

டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டன். எல்லா எழுத்தும் இதோட வருது. பேரு ஃபைலு இல்ல. எங்கிட்டயும் இல்ல. அவ தாளையும் திருப்பி வெச்சிருக்கறன்.

உன்மேல எரிச்சலு போகல. போன மாதிரி நடிக்கவும் வரல.

மணியன்


காலிம்போங்,
11 ஜனவரி 2025

மணியா,

பதில் எழுத இம்புட்டு நாளாயிட்டு. ஒவ்வொரு தடவையும் முதல் வரியோட நிறுத்திருவேன்.

ஜாக்கெட்டு நாம்சூங்குக்கு முடிஞ்சுது. பழைய தையலை எல்லாம் நானே உக்காந்து பிரிச்சேன். துணியில ஊசித் தடம் தெரிஞ்சுது, அதுமேலயே உன் ஃபைல ஓட்டினேன். தடம் மூடிட்டு. பிள்ளைக போட்டுக்கிட்டு ஊர்வலம் போனாங்க. வயசானவங்க ரோட்டோரத்துல நின்னு சத்தமா வாசிச்சாங்க, “ரோங், ரோங்”னு.

சோங்மித் டிசம்பர் ஆரம்பத்துலயே வீட்டுக்கு வந்துட்டா. சும்மா வரல. ரெண்டு விசயம் சொன்னா. ஒன்னு, நான் எழுத்துப் படிக்கணும். இப்ப சாயந்தரம் அவ வகுப்புல கடைசி வரிசையில உக்காருதேன். எனக்கு முன்னால இருக்கிற பிள்ளைக்கு முன்பல்லே இன்னும் முளைக்கல. அது திரும்பிப் பாத்து என் சிலேட்டைத் திருத்துது. உன் ‘ஒரு எழுத்தாச்சும் எழுத வருமா’ங்க கேள்வி இருக்கே, அத வாசிச்ச அன்னைக்கு உன்னைக் கொன்னுருப்பேன். இப்ப ங் வருது. வால் மட்டும் சரியா வரல.

ரெண்டாவது, அவ பஞ்சிங் படிக்கணுமாம். “எங்க எழுத்துக்கு இனி ஒவ்வொரு தடவையும் திருப்பூருக்குக் கடிதாசி போட்டுட்டு இருக்க முடியுங்களா? நானே பண்ணிக்கறனுங்க”ங்கா. யாருகிட்டப் படிப்பன்னு கேட்டேன். உன்கிட்ட. வீடியோவுல.

முடியாதுன்னேன். “நானு உங்ககிட்ட அனுமதி கேக்கலீங்க, சொல்றனுங்க”ன்னா.

மறைக்க மாட்டேன் மணியா. எனக்கு எரியுது. அவ அப்பா உன் தையலத் தடவின அன்னைக்கு ஆரம்பிச்சது இன்னும் அணையல. என் கூட வாழுதா, என் கையால சாப்பிடுதா, சிரிக்கா. இருந்தாலும் ஒரு எழுத்தைப் பத்தி நீயும் அவளும் பேசினா நான் வெளியில நிக்கிற ஆளு. நீ முடியாதுன்னு சொல்லு. நீ சொன்னா அவ வேற ஆளப் பாத்துக்கிடுவா. உன்கிட்ட நான் கேக்கிற கடைசி உதவியா வச்சுக்க.

இல்ல. இந்த வரிய அடிச்சுரலாம்னு நினைச்சேன். அடிக்கல, இருக்கட்டும். நீ என்ன செய்யணுமோ செய்யி.

ராபின்


அனுப்பர்பாளையம்,
25 ஜனவரி 2025

ராபினு,

முடியாதுன்னு எழுதறக்குத்தான் உக்காந்தன். உனக்காக இல்ல, எனக்காக. தெனமும் அவ பேசறதக் கேட்டுட்டு, போன வெச்சுப்போட்டு, மண்ணரையில அந்த ரூம்புக்குப் போயி ஒத்தையாப் படுக்கறது என்னால ஆகாதுன்னு நெனச்சன்.

ஆனா அவ கேட்டது உன்னயும் என்னயும் பத்தி இல்லியே. ஊசி எங்க எறங்கோணும்னு கேக்கறா. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுட்டு இல்லைன்னு சொல்ல வாய் வரல.

சொல்லிக்குடுக்கறன். ஞாயித்துக்கெழமை மட்டும், காலையில. மத்த நாளு கம்பெனி வேலை இருக்குது. நீ பக்கத்துல உக்காரோணும்னா உக்காந்துக்க, உன்ற ஊடு அது. நடுவுல வாய் மட்டும் போடாத. மிஷின் ஓட்டறவன் கேக்கற கேள்விக்கெல்லாம் கடைசியில நேரம் வெச்சுத் தர்றன்.

பிளாக்க எடுத்துட்டன். இனிக் கடிதாசி வேண்டாம். எழுதி எழுதி எனக்கு வாயில வர்றதவிட மோசமானது எல்லாம் பேனாவுல வருது.

அவகிட்ட ஒன்னே ஒன்னு சொல்லீரு. நீயே சொல்லு, நானு சொல்ல மாட்டன். கேமராவக் கம்ப்யூட்டர் திரைக்கு நேரா வெச்சுக்கச் சொல்லு. எழுத்து தெரிஞ்சாப் போதும். மூஞ்சி வேண்டாம்.

மணியன்